ரெடிமேட் குக்கீயும் 40 முகங்களும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான். லேப்டாப்பைத் திறந்து தன் தொழிலைக் காட்டினான். ஒரே பிரவுசருக்குள் 40 புரொஃபைல், ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயரில் கூகுள் கணக்கு. கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் 40 பேராக நின்று ஐந்து நட்சத்திரம் போடுவதுதான் வேலை. "புதுக் கணக்குன்னா சந்தேகப்பட்டு முடக்கிடுறாங்க சார். ரெடிமேடா குக்கீ வாங்கி ஏத்திட்டா பழைய ஆள் மாதிரித் தெரியும்" என்றான். பெருமையாகத்தான் சொன்னான். எனக்கு டீ இறங்கவில்லை.

குக்கீ என்றதும் பிஸ்கட்டை நினைக்கும் என் அத்தைக்காக ஒரு வார்த்தை. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுலி கொண்டுவந்தது இது. இணையதளம் நம் பிரவுசரில் எழுதி வைக்கும் சின்னக் குறிப்பு. 'இவர் ஏற்கெனவே கடவுச்சொல் கொடுத்து உள்ளே வந்தவர்' என்று சொல்வதும் அதுதான். அது வேறொருவன் கைக்குப் போனால் பல இடங்களில் கடவுச்சொல்லும் கேட்காது, ஓடிபியும் கேட்காது.

பல புரொஃபைல் வைப்பது தப்பில்லை. என் மருமகள் ஆபீசுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று வைத்திருக்கிறாள். அதிலிருப்பது அவளுடைய குக்கீ. விலைக்கு வாங்கியது யாருடையது?

"திருட்டு இல்ல சார், ரோபோவை விட்டு நாலு வெப்சைட்டைச் சுத்த வெச்சு எடுக்கிறது" என்றான். அப்படியும் உண்டு. ஆனால் முகம் தெரியாதவனிடம் வாங்கியவனுக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்? ஜெனிசிஸ் மார்க்கெட் என்று ஒரு சந்தை இருந்தது. அமெரிக்க எஃப்.பி.ஐ.யும் நெதர்லாந்து போலீசும் பல நாடுகளோடு சேர்ந்து 2023 ஏப்ரலில் அதை மூடினார்கள். அந்த நடவடிக்கைக்குப் பெயரே 'ஆபரேஷன் குக்கீ மான்ஸ்டர்'. 15 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் திருடியவை அங்கே விலைக்குப் போயின. பறிகொடுத்தவரின் கணினி போலவே தெரிய, வாங்குபவருக்குத் தனி பிரவுசரும் கொடுத்தார்கள். தம்பி, உன் லேப்டாப்பில் நான் பார்த்ததும் அதே வித்தைதானே?

நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. அடுத்தவர் கடவுச்சொல்லையோ தனி அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை.

சரி, ரோபோ குக்கீ என்றே வைத்துக்கொள்வோம். போலி டி.சி. கொண்டுவந்தவனிடம், முத்திரை திருடியதா, நீயே செதுக்கியதா என்று கேட்டா சேர்த்துக்கொண்டோம்? போன வருஷம் என் சம்பந்தி வீட்டார் ஐந்து நட்சத்திரத்தை நம்பி ஒரு லாட்ஜில் முன்பணம் கட்டினார்கள். கைக்குழந்தையோடு போனால் தண்ணீர் வரவில்லை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அந்த நட்சத்திரங்களைப் போட்டவர்கள் எத்தனை பேர்? 40 பேரா, ஒருவனா?

மற்ற பிள்ளைகளுக்கு: கிராக் சாஃப்ட்வேர் இறக்காதீர்கள், குக்கீ திருடும் நிரல்கள் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். சந்தேகம் வந்தால் முதலில் கணினியைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள்.

அவனுக்கு: பார்த்து எழுதிய கணக்கை முழுசாக அடித்துவிட்டு மறுபடி போடச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வா. உட்கார்ந்து 40ஐயும் அழிப்போம். டீ உண்டு.