பெட்ரோல் மூடியும் ஆக்டிங் டிரைவரும்

ஆக்டிங் டிரைவரைத் திட்டுகிற கார்க்கார சார்களே, உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

வடபழனியில் ஆற்காடு ரோட்டு பங்க் எதிலாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள். பின்சீட்டில் குடும்பம், முன்னால் அன்றைக்கு மட்டும் வந்த டிரைவர். பெட்ரோல் மூடிக்கான லிவரைக் குனிந்து தேடி இழுப்பார், பானெட் திறக்கும். "இதுகூடத் தெரியாதா, என்னய்யா வண்டி ஓட்டுற?" என்று அர்ச்சனை ஆரம்பம்.

எப்படி சார் தெரியும்? மாருதி ஆல்ட்டோவில் லிவர் சீட்டுக்குப் பக்கத்தில் தரையில். சில கார்களில் டேஷ்போர்டுக்குக் கீழே. சிலவற்றில் லிவரே கிடையாது, கதவு லாக்கை எடுத்துவிட்டு மூடியை அமுக்க வேண்டும். 2009-ல் விற்பனைக்கு வந்த டாடா நானோவில் இன்ஜின் பின்னால், பெட்ரோல் போட முன்பக்க பானெட்டைத் திறக்க வேண்டும்! (யார் யோசனையோ.) கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் எல்லாக் காரிலும் ஒரே வரிசை. இதற்கு மட்டும் ஏன் ஆளுக்கொரு இடம்? லிவரில் பம்ப் படம் போட்டிருக்கிறதே என்பீர்கள். காலுக்குக் கீழே, இருட்டில்?

ஃபோர்டு இன்ஜினியர் ஜிம் மொய்லான் 1986-ல் பெட்ரோல் போடப் போய் மழையில் நனைந்த கடுப்பில், மூடி எந்தப் பக்கம் என்று மீட்டரிலேயே அம்புக்குறி போடச் சொல்லி எழுதினார். இன்று அநேகமாக எல்லாக் காரிலும் அது உண்டு. லிவருக்கு அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லை.

நிற்க. லிவரை இழுத்தும் மூடி வராவிட்டால் இன்னும் மோசம், "நீதான் உடைச்சிட்ட". லிவர் கேபிளை இழுக்கிறது, கேபிள் கொக்கியை விடுவிக்கிறது, சின்ன ஸ்பிரிங் மூடியைத் தள்ளுகிறது. அவ்வளவுதான். ஸ்பிரிங் தளர்ந்தாலோ, அழுக்கு சேர்ந்தாலோ, கேபிள் துருப்பிடித்தாலோ மாட்டிக்கொள்ளும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாமிலும் சீட் வரை தண்ணீரில் நின்ற வண்டிகளைக் கேட்கவே வேண்டாம். பி.காம் முதல் வருஷப் பாடம்: தேய்மானம் சொத்துக்காரர் கணக்கில்தான் எழுதப்படும், அன்றைக்கு ஓட்டியவர் கணக்கில் அல்ல.

ஒருவர் லிவரை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் மூடியை உள்ளங்கையால் மெல்ல அமுக்கி விட்டால் பெரும்பாலும் வந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பெயிண்ட் போகும். கேபிளே அறுந்திருந்தால், பல கார்களில் டிக்கிக்குள் அந்தப் பக்கத்து அட்டையை விலக்கிக் கொக்கியைக் கையால் விடுவிக்கலாம். சிலவற்றில் அதற்கென்றே ஒரு கயிறும் வைத்திருப்பார்கள். டெலிவரி அன்று சீட் கவர், டெஃப்லான் கோட்டிங் எல்லாம் தலையில் கட்டுகிற சேல்ஸ்மேனிடம் அந்தக் கயிறு எங்கே என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்.