மார்கழிக் குளிரும் மச்சினனின் காரும்

அம்பத்தூர்ல இருக்கிற என் மச்சினன் போன வாரம் போன் பண்ணினான். மின்சாரக் காருக்கு முன்பணம் கட்டியிருந்தவன், இப்போ வேண்டாம்னு முடிவு பண்ணிட்டானாம். "குளிர்ல பேட்டரி படுத்துடுமாம் மாமா. சிகாகோல சார்ஜ் ஏறாம வரிசையா நின்ன வீடியோ பார்த்தேன்."

2024 ஜனவரியில் சிகாகோவில் நடந்தது நிஜம்தான். ஆனா அப்போ அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் கீழே போயிருந்தது. எங்க புதுவாயலில் மார்கழி விடியற்காலையே பூஜ்யத்துக்கு மேலே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தா இறங்காது இல்லையா? பேட்டரிக்குள் இருக்கிற திரவமும் கடுங்குளிரில் அப்படித்தான் தடிச்சு, லித்தியம் அயனிகளை மெதுவாத்தான் நகர விடும். உறைநிலையில் வேகமா சார்ஜ் ஏத்தினா செல்லே கெட்டுப்போகும்னு காரே வேகத்தைக் குறைச்சிடும். பெட்ரோல் காரில் எஞ்சின் சூடு சும்மா கிடைக்குது; இதில் உள்ளே கதகதப்பு வேணும்னாலும் பேட்டரிதான் செலவாகணும். இத்தனை இருந்தும், நார்வேயில் 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார். நம்ம ஈழத்துச் சொந்தங்கள் எத்தனையோ பேர் அந்தப் பனியில்தான் வாழ்றாங்க.

என் கணக்கைச் சொல்றேன். மகன் வாங்கின கார். அவன் சிப்காட்டுக்கு கம்பெனி பஸ்ஸில் போறதால ஓட்டுறது நான்தான். மாசம் ஒருமுறை அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். சீட்டு வாங்க காலை நாலரைக்கே கிளம்பிடுவோம். போக வர சுமார் 80 கிலோமீட்டர். மார்கழியில் 90 சதவீதத்தோட கிளம்பினா, திரும்பும்போது 52 இருக்கும். அம்மாவுக்கு ஜன்னலைத் திறந்து வச்சாலே போதும், ஏசி கிடையாது. அதே பயணம் சித்திரையில் 44தான் காட்டும். நம்ம ஊர் பேட்டரிக்கு வருஷத்திலேயே சுகமான மாசம் மார்கழிதான்!

நாம பயப்பட வேண்டியது வெயிலுக்கு. குளிரில் குறைஞ்ச தூரம் சூடு வந்ததும் திரும்பிடும். 40 டிகிரியில் முழு சார்ஜோட மொட்டை வெயிலில் தினமும் நிக்கிற பேட்டரிக்கு ஆயுசே குறையும், அது திரும்பாது. மச்சினன் அபார்ட்மெண்டில் கார் நிக்கிறது திறந்தவெளியில். அதைப் பத்தி அவன் ஒரு வார்த்தை கேட்கலை. என் கார் நிக்கிறது பழைய மாட்டுக் கொட்டகையில், ஓட்டுக் கூரைக்குக் கீழே. (மாட்டை வித்தது தனிக்கதை, இன்னொரு நாள்.)

மார்கழியில் எனக்குப் பயம் பேட்டரியால இல்லை, பனிமூட்டத்தால. கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டைப் பக்கம் பின்விளக்கு எரியாம ஓரம் நிக்கிற லாரி, பத்தடி கிட்டே போனாத்தான் தெரியும். நாற்பதைத் தாண்ட மாட்டேன். பின்சீட்டில் அம்மா தூங்குறாங்க. அந்தப் பயம் டீசல் கார்க்காரனுக்கும் அதேதான்.

மச்சினன் இன்னும் முன்பணத்தைத் திரும்ப வாங்கலை. பொங்கலுக்கு வர்றான். சாவியைக் கையில் கொடுத்து, விடியற்காலையில் பெரியபாளையம் வரைக்கும் ஓட்டிட்டு வாடான்னு அனுப்பப் போறேன்.