பிகினித் தீவின் படங்கள்

அணுகுண்டு என்றதும் பலருடைய மனக்கண்ணில் எழுவது ஒரு காளான் மேகம். கடலின் நடுவே தண்ணீர் வெண்ணிறத் தூணாக எழும்பி, உச்சியில் குடைபோல விரிந்து நிற்கும். அதன் அடியில் போர்க் கப்பல்கள் பொம்மைகளாகத் தெரியும். பெயர்பெற்ற அந்தப் படம் எடுக்கப்பட்டது 1946 ஜூலை 25-ல். இடம், பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினி.

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த சமயத்தில் எடுத்த படங்கள் சொற்பம். பிகினியிலோ அமெரிக்கர் முன்னேற்பாட்டுடன் வெடித்தார்கள். 90-க்கும் அதிகமான கப்பல்களை இலக்காக நிறுத்தினார்கள். விமானங்களிலும் கரையிலிருந்த கோபுரங்களிலும் நூற்றுக்கணக்கான காமிராக்கள்! குண்டு வெடித்தது 27 மீட்டர் ஆழத்தில்.

பிகினியின் பெயரும் வெகு சீக்கிரம் பரவிற்று. முதல் சோதனை ஜூலை 1-ல். நான்கே நாளில் பாரிஸில் லூயி ரேயார் என்பவர் தமது புது மோஸ்தர் நீச்சலுடைக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார். நவம்பரில் வாஷிங்டனில் ஒரு விருந்து. சோதனையை நடத்திய அட்மிரல் பிளாண்டி, காளான் மேகத்தின் உருவில் செய்த கேக்கைத் தம் மனைவியுடன் வெட்டினார். அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. அதைக் கண்ட ஒரு பாதிரியார் பிரசங்க மேடையிலேயே கொதித்தெழுந்தார்.

மேகப் படத்தில் மனிதர் ஒருவரும் தெரியவில்லை. அதனால்தான் உலகத்தாரால் அதை ரசிக்க முடிந்தது. கேக்காக வெட்டவும் முடிந்தது.

"மறுபடியும் ஒரு தடவை!"

பிகினியில் 167 பேர் குடியிருந்தார்கள். 1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, பிரார்த்தனை முடிந்ததும் கடற்படை அதிகாரி பென் வயட் அவர்களைக் கூட்டினார். மனிதகுல நன்மைக்காகத் தீவைத் தற்காலிகமாக விட்டுத் தருவீர்களா என்று கேட்டார். எல்லாம் கடவுள் கையில் என்று தலைவர் ஜூடா பதில் சொன்னார்.

மார்ச்சில் காமிராக்காரர்கள் வந்தார்கள். அதே பேச்சை மறுபடியும் நடத்தச் சொன்னார்கள். ஒரு தடவையல்ல, ஸ்டூடியோவில் படம் பிடிப்பதுபோலப் பல தடவை! தீவார் மனமுவந்து சம்மதித்ததாகக் காட்டும் செய்திப் படம் இப்படி உருவானதுதான்.

குடியேற்றிய ரோங்கெரிக்கில் உணவு போதவில்லை; ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். 1948-ல் கிலி தீவுக்குக் கொண்டுபோனார்கள். பிகினியில் இருந்ததுபோல் மீன்பிடிக்க அமைதியான உள்கடல் அங்கே இல்லை. பிகினியிலோ 1958 வரை 23 குண்டுகள் வெடித்தன. 1970-களில் சிலர் ஊர் திரும்பினார்கள். விளைபொருளில் கதிரியக்க விஷம் இருந்ததால் 1978-ல் அவர்களையும் வெளியேற்றினார்கள்.

2010-ல் யுனெஸ்கோ பிகினியை உலகப் பாரம்பரிய இடமாகச் சேர்த்துக்கொண்டது. அத்தீவாரின் சந்ததியார் கிலியிலும் மஜூரோவிலும் வேறு ஊர்களிலும் வசிக்கிறார்கள்.