தொட்டி மீனுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், வீட்டு மீன் தொட்டிக்கு ஒரு பொருத்தமும் பார்ப்பதில்லை. சிவப்பில் இரண்டு, மஞ்சளில் இரண்டு, கறுப்பில் ஒன்று என்று புடவைக் கடையில் நிறம் எடுப்பது போல எடுத்து வருகிறோம். பத்து நாளில் பாதி மீன் மிதக்கிறது. "தண்ணீர் சரியில்லை" என்று சொல்லிவிடுகிறோம். தண்ணீர் மட்டும் காரணம் இல்லை என்பது என் கட்சி.

முதல் பொருத்தம் வாய். எதிராளி வாய்க்குள் அடங்குகிற மீன் என்றைக்காவது இரையாகிவிடும். ஏஞ்சல் மீன் பார்க்கச் சாது. ஆனால் நன்றாக வளர்ந்ததும் கூட இருக்கும் சின்ன நியான் டெட்ராவை விழுங்கிவிடும். இது கெட்ட குணமல்ல, பசி.

இரண்டாவது குணம். ஃபைட்டர் மீனைப் பிரெஞ்சில் 'கொம்பத்தான்' என்பார்கள், போராளி என்று பொருள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே நம் ஊர்க் கொம்பன் மாடு நினைவுக்கு வரும். இரண்டு ஆண் ஃபைட்டரை ஒரே தொட்டியில் விட்டால் கிழித்துக்கொள்ளும். டைகர் பார்ப் இன்னொரு வகை. நீளமான துடுப்பு கண்ணில் பட்டால் போய்க் கடிக்கும். ஏழெட்டு டைகர் பார்ப் சேர்ந்திருந்தால் அந்தச் சேட்டை பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். ஒன்றிரண்டாக விட்டால்தான் அடுத்த வீட்டு வம்பு.

மூன்றாவது தண்ணீரும் குளிரும். கப்பி, மாலி, பிளாட்டி மூன்றும் கொஞ்சம் கடினத் தண்ணீரில் நன்றாக வாழும். நியான் டெட்ரா அமேசான் காட்டு நீரோடைகளைச் சேர்ந்தது, மென்மையான நீர் கேட்கும். 1934-ல் அதை அங்கிருந்து கொண்டுவந்தவர் ஒகுஸ்த் ரபோ என்ற பிரெஞ்சுக்காரர். தங்கமீனுக்குக் குளிர்ச்சி பிடிக்கும். மற்ற மூன்றுக்கும் 24 முதல் 28 டிகிரி வரை வேண்டும். எங்கள் ஜவ்வாது மலையில் மார்கழி, தை இரவுகளில் ஹீட்டர் இல்லாமல் கப்பி தாங்காது. தங்கமீனோ சந்தோஷமாக இருக்கும். ஆகவே தங்கமீனைத் தனியாக வையுங்கள். அதற்குப் பெரிய தொட்டி வேண்டும், கண்ணாடிக் கிண்ணம் அதற்குச் சிறைதான்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். ஆறு ஆண் கப்பியும் நான்கு பிளாட்டியும் அதற்குப் போதும். கீழே மேய ஐந்து குட்டிக் கோரிடோரஸ் போடலாம். தொட்டியில் நீர் நிரப்பி வடிகட்டியை ஓட்டி, நல்ல பாக்டீரியா வளர நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்து, சில மீன்களாகச் சேர்ப்பது நல்லது.

இனி என் ஆதங்கத்துக்கு வருகிறேன். "பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் சார்" என்று கடைக்காரர் விரலளவு சக்கர் மீனைக் கொடுப்பார். அது ஒன்றரை அடி வரை வளரக்கூடியது என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். தொட்டி கொள்ளாதபோது வீட்டுக்காரர் என்ன செய்வார்? கொல்ல மனம் வராது. "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று ஏரியில் விட்டுவிடுவார். அவருக்கு அது புண்ணியம், ஏரிக்கு அது பாவம். உடம்பெல்லாம் ஓடும் முள்ளுமான அந்த மீன் வலையைக் கிழிக்கிறது, கரையில் வளை தோண்டுகிறது, நம் கெண்டைக்கும் அயிரைக்கும் உரிய இரையைத் தின்கிறது. தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் ஏற்கெனவே புகுந்துவிட்டது.

எங்கள் ஜமுனாமரத்தூர் கோமுட்டேரியில் அப்படி ஒன்றை யாரும் விட்டுவிடக் கூடாது என்பதே என் கவலை. செய்யாறு பிறப்பது இந்த மலையில்தான். மேலே விட்டது மேலேயே நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கடைக்காரர்களைப் பழிக்கவில்லை. சென்னை கொளத்தூர்ப் பக்கம் வண்ண மீனை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. நான் கேட்பது ஓர் அட்டைதான். ஒவ்வொரு தொட்டியிலும் மூன்று வரி எழுதி ஒட்டட்டும். முழு வளர்ச்சியில் எத்தனை அங்குலம், எத்தனை சேர்ந்திருக்க வேண்டும், யாருடன் சேராது. மருந்துச் சீட்டில் காலாவதித் தேதி போடுகிறோமே, அது போல. அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியே காலம் கழித்தவன் சொல்கிறேன், எழுதி வைத்த மூன்று வரி பல வம்புகளைத் தடுக்கும்.

அதுவரை, பேரப்பிள்ளையோடு கடைக்குப் போகும் தாத்தா பாட்டிகள் ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, இது வளர்ந்தால் எவ்வளவு இருக்கும்?" பதில் சொல்லத் தயங்கினால் அந்த மீன் வேண்டாம். வீட்டில் வளர்க்க முடியாமல் போன மீனை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ஏரி நம் வீட்டுக் கொல்லைப்புறம் அல்ல.