சமமான வாக்கு, சமமற்ற அதிகாரம்

உலக சுகாதார அமைப்பின் உச்ச அதிகாரம் உறுப்பு நாடுகள் கொண்ட பேரவையிடம் உள்ளது. அங்கு வல்லரசுக்கும் சிறு தீவு நாட்டுக்கும் ஒரே வாக்குத்தான். 1958இல் அப்பேரவையில் சோவியத் ஒன்றியம் முன்மொழிந்த பெரியம்மை ஒழிப்பு, 1980இல் முழு வெற்றி கண்டது. கூட்டு முடிவின் வலிமைக்கு இதுவே சான்று.

அந்த வலிமையைப் பணபலம் அரித்துவருகிறது. உறுப்பு நாடுகள் செலுத்தும் கட்டாயச் சந்தா, பல ஆண்டுகளாக மொத்த வரவில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. எஞ்சியதில் பெரும்பகுதி, செல்வந்த அரசுகளும் கேட்ஸ் அறக்கட்டளை போன்ற தனியார் அமைப்புகளும் இன்ன பணிக்கு மட்டுமே என்று வரையறுத்துத் தரும் நன்கொடை. பேரவை வாக்களிக்கிறது, எந்த நோய்க்கு எவ்வளவு செலவு என்பதைக் கொடையாளர் தீர்மானிக்கின்றனர்.

இதன் ஆபத்தை 2025 ஜனவரியில் டிரம்ப் இட்ட கையொப்பம் அம்பலப்படுத்தியது. அமெரிக்கா விலகுவதாக அறிவித்ததை அடுத்து, 2026-27 ஆண்டுகளுக்கான உத்தேச வரவு செலவுத் திட்டத்தில் 21 விழுக்காடு வெட்டப்பட்டது.

அதே ஆண்டு மே மாதம் பேரவை கட்டாயச் சந்தாவை 20 விழுக்காடு உயர்த்தியது சரியான திசைவழி, ஆனால் போதாது. பொதுச் சுகாதாரத்துக்குப் பொது நிதியே அடித்தளம். இந்நிலைபாட்டில் வளரும் நாடுகளைத் திரட்ட மோடி அரசு முன்வர வேண்டும். உலக மக்களின் உயிர்காப்பு, கொடையாளரின் தயவில் தொங்கக் கூடாது.