ஓசியில் வந்த பட்டமா?

"டிங் லிரன் கோட்டை விட்டார், குகேஷ் ஜெயிச்சார்" என்று இன்னமும் சிலர் பேசுகிறார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள்!

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் போட்டியின் 14-வது ஆட்டம். அதுவரை ஆளுக்கு 6½ புள்ளி. டிரா ஆனால் மறுநாள் வேக ஆட்டம். டிங் அதற்குத்தான் காய்களைக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஆளுக்கொரு யானை, ஒரு பிஷப். நம்ம சென்னைப் பையனிடம் ஒரு சிப்பாய் மட்டும் கூடுதல். டிராதான் என்றார்கள் பண்டிதர்கள்.

பையன் விடவில்லை. நகர்த்திக்கொண்டே இருந்தார். 55-வது நகர்த்தலில் டிங் யானையைப் பின்னுக்கு இழுத்தார். யானைக்கு யானை வெட்டு! மூலையில் கிடந்த டிங்கின் பிஷப்புக்கு ஓட வழியில்லை. அதுவும் பிஷப்புக்கு பிஷப் போச்சு. மிச்சம் ராஜாவும் சிப்பாயும். 58-லேயே டிங் கைகொடுத்துவிட்டார்.

முன்னாடியே டிராவுக்குத் தலையாட்டியிருந்தால் அந்தத் தப்பு எப்படி வந்திருக்கும், சார்?