ஈரலுக்குப் பாவமன்னிப்புச் சீட்டு இல்லை

குடித்துவிட்டு நெல்லிக்காயோ முருங்கைக்கீரையோ விற்றமின் குளிசையோ உட்கொண்டால் ஈரல் தப்பிவிடும் என்றோர் ஆறுதல் வார்த்தை எங்கள் மன்னார்க் கரையில் உலவுகிறது. பனங்கள்ளு இயற்கையானது, ஆகவே தீங்கற்றது என்பது அதன் உடன்பிறப்பு. இரண்டுமே பொய்.

கள்ளிலும் சாராயத்திலும் பியரிலும் போதை தருவது எதனோல் ஒன்றே. ஈரல் அதனை முதலில் அசற்றல்டிகைட்டு என்னும் நஞ்சாக மாற்றுகிறது. மிகுதியாகக் குடிப்பவரிடம் இவ்வேலையின்போது ஒட்சிசனின் முரட்டு மூலிகங்கள் பெருகி, கலத்தின் மென்சவ்வையும் மரபுப் பொருளையும் அரிக்கின்றன. இவற்றைத் தடுக்கக் கலத்துக்குள் இயற்கை வைத்த காவலாளி குளுட்டதையோன். தொடர்ந்து குடிப்பவரிடம் அந்தக் காவலே மெலிந்துவிடுகிறது. மறுநாள் தலையிடிக்கு அளவுமீறிப் பனடோல் விழுங்குவோர் கவனிக்க: அம்மருந்தின் நச்சுக்கூற்றை அகற்றவும் இதே குளுட்டதையோன்தான் வேண்டும்.

காவலைக் குளிசையாக வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. ஒட்சியேற்ற எதிரியான பீற்றா கரோட்டின் பெற்றவர்களிடம் நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியது. கூடுதலாகக் குடித்தோரிடம் அக்கேடு மேலும் துலக்கமாகத் தெரிந்தது.

பள்ளிமுனையில் நிற்கிறதே பெருக்கமரம், அவ்வினத்தின் கனியை விற்றமின் சி நிறைந்ததென்று இன்று உலகச் சந்தை விற்கிறது. நல்ல உணவுதான், உணவாகவே இருக்கட்டும். குடிக்குப் பாவமன்னிப்புச் சீட்டாக அதனை நீட்டவேண்டாம்.

பனையை நான் பழிக்கவில்லை. சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறங்கும் கருப்பநீரும், அதைக் காய்ச்சி எடுக்கும் பனங்கட்டியும் நமது செல்வங்கள். பழிப்பது, கேட்டை மறைக்கும் பசப்பு மொழியை.

மதுபானத்தைப் புற்றுநோய்க் காரணியென்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது 1988இல். தீங்கற்ற அளவென்று எதுவும் இல்லையென உலக சுகாதார நிறுவனம் 2023 சனவரியில் அறிவித்தது. இலங்கை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் மது விளம்பரத்தைத் தடைசெய்தது. ஆனால் அதே அரசு மதுவரியை எண்ணிப் பெட்டியில் போடுகிறது. விளம்பரப் பலகை செய்த வேலையை இன்று நமது வாய்களே இலவசமாகச் செய்கின்றன.

ஈரல் நெடுங்காலம் வலியின்றியே கெடும். கண் மஞ்சளித்து வயிறு வீங்கும்போது, கடலுக்குப் போக ஆளில்லாத வீட்டின் சுமை ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. அவளுக்கு நெல்லிக்காய்க் கதை சொல்ல எவருக்குத் துணிவுண்டு? நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. வைத்தியரின் துணையோடு நிறுத்துங்கள். ஆனால் நிறுத்துங்கள். ஈரலுக்கு அதைவிடச் சிறந்த காவல் வேறில்லை.